வெட்டிய பின் நிற்கும் காடு

காட்டு மரத்தை வெட்டலாமா, கூடாதா என்ற கேள்வி எழும்போதெல்லாம் பேசுபவர்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஓர் அணிக்கு ஒவ்வொரு வெட்டும் கொள்ளை. மற்ற அணிக்கு, முறைப்படி வெட்டப்படும் காடு வற்றாத வருமானம். இரண்டு அணிகளும் காட்டை விட்டு வெளியே போகும் மரத்தையே பார்க்கின்றன. எத்தனை கன மீட்டர் மரம் கிடங்குக்கு வந்தது என்று அளப்பதில் நம் வனத்துறைகளுக்கு நூற்றைம்பது ஆண்டு அனுபவம் உண்டு. வெட்டு முடிந்த கூப்பில், அதாவது வெட்டுக்கு ஒதுக்கிய பகுதியில், என்னென்ன மரங்கள் நிற்கின்றன, அடுத்த தலைமுறைக் கன்றுகள் எத்தனை பிழைத்தன, ஓடைக் கரை எப்படி இருக்கிறது என்பதை அதே கண்டிப்போடு யாரும் அளந்ததில்லை. மரம் எடுக்கும் எந்த முறையையும் அது விட்டுச்செல்லும் காட்டைக் கொண்டுதான் மதிப்பிட வேண்டும் என்பதே என் வாதம். அப்படி மதிப்பிட்டால், தென்னிந்தியாவின் இயற்கைக் காடுகளில் வணிக வெட்டை நிறுத்தியது சரியான முடிவு என்பது தெரியும். அந்த நிறுத்தத்தோடு கடமை முடிந்தது என்று நாம் இருந்துவிட்டது தவறு என்பதும் தெரியும்.

குறையாத விளைச்சல் என்ற எண்ணம் பிறந்தது மரப் பஞ்சத்தில். ஜெர்மனியின் சாக்சனியில் வெள்ளிச் சுரங்கங்களுக்கு முட்டுக் கொடுக்கவும் உலைகளை எரிக்கவும் மரம் போதவில்லை. அங்கே சுரங்க நிர்வாகத்தில் இருந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ், வளர்வதற்கு மேல் வெட்டாதிருக்க வேண்டும் என்று 1713இல் ஒரு நூல் எழுதினார். பின்வந்த ஜெர்மானிய வனவியலாளர்கள் அதைக் கணிதமாக்கினார்கள். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்வது போல, காட்டின் ஆண்டு வளர்ச்சியை மட்டும் வெட்டி எடுப்பது அவர்கள் வகுத்த வழி. கேட்பதற்கு இதில் குறை ஏதும் தெரியாது. ஆனால் வங்கியில் எந்த நோட்டு முதல், எந்த நோட்டு வட்டி என்று பார்க்கத் தேவையில்லை. காட்டில் அப்படி இல்லை. விதை தரும் தாய்மரமும் விற்கப்போகும் மரமும் ஒன்றே. இருவாச்சி கூடு கட்டும் பொந்து இருப்பதும் நன்கு பருத்த மரத்தில்தான். கன அளவில் வட்டியை மட்டும் எடுத்ததாகக் கணக்குக் காட்டிக்கொண்டே, காட்டைக் காடாக வைத்திருந்த மரங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட முடியும்.

இந்தக் கணக்கு நம் பக்கம் வந்தது பர்மா வழியாக. 1856இல் பெகு பகுதியின் தேக்குக் காடுகளுக்குப் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ், யானை மீது அமர்ந்து காட்டைக் குறுக்கே கடந்தபடி மரங்களை எண்ணினார். மழை ஈரத்தில் காகிதம் தாங்காது என்பதால் கையில் சில குச்சிகளை வைத்துக்கொண்டு, கண்ணில் படும் ஒவ்வொரு தேக்கையும் பருமனுக்கு ஏற்ற குச்சியில் கத்தியால் கீறிப் பதிந்தார். அந்தக் கீறல்களிலிருந்துதான் ஆண்டுக்கு எத்தனை மரம் எடுக்கலாம் என்று வகுத்தார். குறிப்பிட்ட சுற்றளவை எட்டிய மரத்தை மட்டும் தேர்ந்து வெட்டுவது, ஒரு பகுதிக்குள் மறுபடி கோடரி நுழையப் பல ஆண்டுகள் காத்திருப்பது என்று இருந்த அந்த முறையில் வெட்டும் வேலைகூட நிதானமாகவே நடந்தது. பச்சைத் தேக்கு நீரில் மிதக்காது. ஆகவே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையையும் வெள்ளைக் கட்டையையும் வளையமாக வைரம் வரை வெட்டிவிட்டு, மூன்று ஆண்டுகள் போல அப்படியே நிறுத்திவைப்பார்கள். மரம் நின்றபடியே காயும். பிறகு சாய்த்து, யானைகளைக் கொண்டு ஓடைக்கு இழுத்து, வெள்ளம் வரும்போது ஆற்றில் விடுவார்கள். சாலை வேண்டாம், எந்திரம் வேண்டாம், நிலத்தை உழுது புரட்டும் சக்கரமும் வேண்டாம். இன்றைய அளவுகோலில் வைத்துப் பார்த்தாலும் மண்ணுக்கு இவ்வளவு குறைந்த கேடு செய்த முறைகள் அரிது. ஆனால் குச்சியில் கீறப்பட்டது தேக்கு மட்டுமே. கூடவே நின்ற நூறு வகை மரங்களுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. முறை நன்றாக இருந்தும் கணக்கு குறுகியதாக இருந்தது. அதன் விளைவைப் பார்க்க ஆனைமலைக்கு வரவேண்டும்.

ஆனைமலையில் மரம் எடுக்கும் வேலை பிராண்டிஸுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1848இல் ஜேம்ஸ் மைக்கேல் என்ற அதிகாரியின் பொறுப்பில், பம்பாய்க் கப்பல் தளத்துக்காக அங்கே தேக்கு வெட்டப்பட்டது. மலை உச்சியிலிருந்து தடிகளைச் சரித்துவிட்ட இடம்தான் இன்றைய டாப்ஸ்லிப். கப்பலை அடுத்து ரயில் வந்தது, தண்டவாளக் கட்டைகளின் தேவையும் வந்தது. மலைசர் பழங்குடிப் பாகன்கள் நடத்திய யானைகள் இழுத்த மரங்களால் தென்னிந்திய ரயில் பாதைகள் நீண்டன. இயற்கைத் தேக்கு குறைந்தபோது, கலப்புக் காட்டை முழுதாக வெட்டிச் சாய்த்துவிட்டுத் தேக்கை மட்டும் வரிசையாக நடும் வழி பரவியது. மலபார் ஆட்சியர் கொனோலி 1840களில் நிலம்பூரில் சாத்து மேனன் துணையோடு இதற்கு முன்மாதிரி காட்டியிருந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனைமலையில் பணியாற்றிய ஹ்யூகோ உட், வெட்டிய அடிக்கட்டையிலிருந்து துளிர் கிளம்பவிட்டு மறுபடி தேக்கை எழுப்பினார். இறந்தபின் அந்த மரங்களுக்கு நடுவிலேயே புதைக்கப்பட்ட மனிதர் அவர். அவருடைய அர்ப்பணிப்பில் ஐயம் கொள்ள இடமில்லை. வெட்டியதற்கு ஈடாக வளர்த்தவர்கள் என்று அந்தத் தலைமுறை தன்னைச் சொல்லிக்கொள்ளலாம், கன அளவில் அது உண்மையும்கூட. ஆனால் மருதும் வேங்கையும் ஈட்டியும் மூங்கிலும் கலந்து நின்ற இடத்தில் ஒரே வயதுத் தேக்கு மட்டும் நிற்கிறது. தேக்கின் அகன்ற இலையில் சேரும் மழைநீர் பெருந்துளிகளாகத் திரண்டு உயரத்திலிருந்து விழும். கீழே புதரும் சருகும் தீயில் எரிந்துபோயிருந்தால் ஒவ்வொரு துளியும் மண்ணைக் கிளறி எறியும், சரிவில் மேல்மண் கரைந்து ஓடும். மரக் கணக்கு நிறைந்திருக்கும்போதே மண் போய்க்கொண்டிருக்கலாம் என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

கணக்கின் குறுகல் எவ்வளவு நுட்பமாகக் காட்டைக் குலைக்கும் என்பதை மூங்கில் இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. சுதந்திரத்துக்குப் பின் கர்நாடகத்தின் காகித ஆலைகளுக்கு, கூடை முடைபவர் சந்தையில் கொடுத்த விலையோடு ஒப்பிடவே முடியாத சொற்பத் தொகைக்குக் காட்டு மூங்கில் தரப்பட்டது. சில பத்தாண்டுகளில் மூங்கில் அருகியது. ஊர்க்காரர்கள் வெட்டுவதாலும் மாடு மேய்ப்பதாலும்தான் அழிகிறது என்று ஆலைத் தரப்பு சொன்னது. 1970களில் மாதவ் காட்கிலும் அவருடைய குழுவினரும் காட்டுக்குள் போய்த் தூர் தூராகப் பார்த்தார்கள். முள்மூங்கில் தன் தூரைச் சுற்றி அடர்ந்த முட்கிளைகளால் தானே வேலி கட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் கிளம்பும் இளங்குருத்து அந்த வேலிக்குள் பத்திரமாக உயரும். ஊர்க்காரர் முள்ளுக்கு மேலே, எட்டிய உயரத்தில் வெட்டி எடுத்துப் போனார்கள், வேலி குலையவில்லை. ஆலைக்காக வெட்டியவர்களோ அடிவரை எடுப்பதற்காக முள்ளைக் களைந்து தூரைச் ‘சுத்தம்’ செய்தார்கள். காட்டைச் சீராக வைக்கும் வேலை என்றே அது கருதப்பட்டது. வேலி போனதும் குருத்தை மாடும் குரங்கும் முள்ளம்பன்றியும் தின்று தீர்த்தன. ஆண்டுக்கு எத்தனை டன் என்ற அளவைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த வரை இது யாருக்கும் தெரியவில்லை. வெட்டிய பின் தூர் எப்படி நிற்கிறது என்று குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. எந்திரமும் பேராசையும் மட்டுமே காட்டை அழிக்கும் என்பதில்லை. ஓர் அரிவாளை வைக்கும் உயரம் போதும்.

மழைக்காட்டில் நிலைமை வேறு. தேக்குக் காட்டில் தேறிய தேர்வு வெட்டை மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளுக்கும் கொண்டுபோனார்கள். ரயில் கட்டைக்கும் பின்னர் பிளைவுட்டுக்குமாகப் பெருமரங்கள் சாய்ந்தன. காகிதத்தில் அது ஹெக்டேருக்குச் சில மரங்கள் மட்டுமே. ஆனால் கொடிகளால் பிணைந்த மழைக்காட்டில் ஒரு மரம் தனியாக விழுவதில்லை, அண்டை மரங்களின் கொம்புகளையும் இழுத்துக்கொண்டு விழும். திறந்த வானத்தின் வெயில் பட்டதும் நிழலில் வளரும் கன்றுகள் கருகும், களை ஏறும். மலேசியாவின் சபாவில் 1990களில் இதை முறையாக அளந்தார்கள். புல்டோசர் தன் போக்கில் தடம் போட்டு இழுத்த பகுதிகளில், வெட்டாமல் விட வேண்டிய மரங்களில் பத்தில் நான்கு அடிபட்டன. மாதங்களுக்கு முன்பே கொடிகளை அறுத்து, மரம் விழும் திசையை முன்கூட்டித் தீர்மானித்து, இழுக்கும் தடங்களை வரைபடத்தில் குறித்து, ஓடைக் கரையையும் செங்குத்துச் சரிவையும் தொடாமல் விட்ட பகுதிகளில் சேதம் அதில் பாதிக்கும் கீழே இறங்கியது. ஆக, முறையைத் திருத்தினால் பலன் உண்டு. எவ்வளவு பலன் என்பதுதான் கேள்வி. வெப்பமண்டல வெட்டு பற்றிய நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான ஒரு கட்டுரையின்படி, ஒரு முறை தேர்வு வெட்டுக்கு உள்ளான காட்டில் பெரும்பாலான உயிரினங்கள் தங்கிவிடுகின்றன. ஆனால் மர விளைச்சல் முதல் வெட்டுக்குப் பின் ஏறக்குறைய 46 விழுக்காடு குறைந்துவிடுகிறது. வெட்டு ஆதரவாளர்கள் முதல் பாதியை மேற்கோள் காட்டுவார்கள், எதிர்ப்பாளர்கள் இரண்டாம் பாதியை. சேர்த்துப் படித்தால் கிடைக்கும் செய்தி இது: கவனமாக வெட்டப்பட்ட மழைக்காடு காடாகவே தொடரலாம், ஆனால் நூற்றாண்டுகளாகச் சேர்ந்த பெருமரங்களை முதல் வெட்டில் எடுத்தது மாதிரி மறுபடி எடுக்க முடியாது. குறையாத விளைச்சல் என்ற வாக்குறுதியை அந்தக் காட்டால் நிறைவேற்ற இயலாது. மேற்குத் தொடர்ச்சி மலையில் எஞ்சியிருக்கும் காடோ மிகச் சிறிது, துண்டு துண்டானது, கோடிக்கணக்கானவர்களுக்குத் தண்ணீர் தரும் ஆறுகளின் பிறப்பிடம். அங்கே திருத்தப்பட்ட முறையைக்கூடச் சோதித்துப் பார்க்க நமக்கு இடமில்லை.

இந்தியாவில் இயற்கைக் காட்டு வெட்டின் நிறுத்தம் படிப்படியாக வந்தது. 1980இல் வனப் பாதுகாப்புச் சட்டம். 1988இல், காட்டின் முதல் வேலை சூழலைக் காப்பதே என்றும் ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை உழவர்களோடு சேர்ந்து வளர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் கூறிய தேசிய வனக் கொள்கை. பிறகு கூடலூர்ப் பகுதிக் காடுகள் அழிவதைத் தாங்காமல் நிலம்பூர்க் கோவிலகத்தின் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணை. மத்திய அரசு ஒப்புக்கொண்ட செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது என்ற அந்த ஆணை, நீலகிரி மலைச்சரிவில் தொடங்கி அருணாசலம் வரை ரம்பங்களை நிறுத்தியது. அது வராதிருந்தால் கூடலூரின் கதி என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே மனம் கூசுகிறது.

ஆனால் மரத்தின் தேவை நீதிமன்ற ஆணையால் நின்றுவிடவில்லை. தாய்லாந்து 1988 வெள்ளத்துக்கும் மண்சரிவுக்கும் பின் 1989 ஜனவரியில் வெட்டைத் தடை செய்தது, அதன் மர வணிகம் எல்லை தாண்டி பர்மாவுக்கும் லாவோஸுக்கும் கம்போடியாவுக்கும் போனது. சீனா 1998 வெள்ளத்துக்குப் பின் தடுத்தது, பக்கத்து நாடுகளின் காடுகள் அதன் ஆலைகளுக்குள் போயின. இந்தியா தன் காட்டைப் பூட்டிவிட்டு மலேசியத் தடிகளையும் பர்மாத் தேக்கையும் இறக்குமதி செய்தது. 2014இல் மியான்மர் முழுத் தடிகளின் ஏற்றுமதியை நிறுத்தியபோது அங்கே நல்ல தேக்குக் காடுகள் பெரிதும் மெலிந்திருந்தன. பிராண்டிஸ் குச்சியில் கீறி எண்ணிய மரங்களின் வாரிசுகள் நம் வீட்டுக் கதவுகளாகவும் வந்தன. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண் அமைப்பு 2001இல் ஆசிய–பசிபிக் வட்டாரத்தின் ஆறு நாடுகளில் வெட்டுத் தடைகளை ஒப்பிட்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. தடை ஓரளவேனும் பயன் தந்த நாடுகளில் மரம் வேறு எங்காவது ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருந்தது. நியூசிலாந்துக்குப் பைன் தோட்டங்கள் இருந்தன. இலங்கை வேறு மாதிரி. அங்கே 1970களில் சிங்கராஜ மழைக்காட்டில் பிளைவுட்டுக்காக எந்திர வெட்டு தொடங்கி, மக்கள் எதிர்ப்பால் நின்றது. அந்தக் காடு 1988இல் உலக மரபிடமாயிற்று, 1990இல் இயற்கைக் காடுகளில் வெட்டுக்கே தடை வந்தது. அதைத் தாங்க முடிந்ததற்கு வீட்டுத் தோட்டத்துப் பலாவும் மலைவேம்பும் ரப்பர் தோட்டங்களும் பெரிய காரணம்.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மரத் தேவையைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே காட்டுக் கதவு மறுபடி திறக்கும், ஒரு மரத்துக்கு அனுமதி வாங்கிப் பத்து மரம் கடத்துவார்கள், ஆகவே முழுத் தடை ஒன்றே காவல் செய்ய எளிது என்பார்கள். இந்த அச்சத்துக்குச் சரித்திரம் ஆதாரம் தருகிறது, இதை நான் தள்ளிவிட மாட்டேன். இயற்கைக் காட்டைப் பொறுத்தவரை முழுத் தடையே இருக்கட்டும். ஆனால் அதே தடை மனப்பான்மை காட்டுக்கு வெளியே வளரும் மரத்தின் மீதும் விழுந்தபோது நேர்ந்ததற்குச் சந்தனமே சாட்சி. சந்தன எண்ணெய் வேரிலும் இருப்பதால் மரத்தை வெட்டாமல் வேரோடு பெயர்த்தெடுப்பார்கள். எனவே அடிக்கட்டையிலிருந்து துளிர்க்க வழியே இல்லை, புதிய கன்றையே அதன் எதிர்காலம் பெரிதும் நம்பியிருக்கிறது. அந்தக் கன்று தன் பட்டா நிலத்தில் முளைத்தாலும் அரசின் பிடி அதன் மேல் இருந்ததால், உழவருக்கு அது வழக்கும் விசாரணையும் கொண்டுவரும் செடியாயிற்று. கண்டதும் பிடுங்கி எறிவதே புத்திசாலித்தனம் என்று ஆனது. திருப்பத்தூர், சேலம், சத்தியமங்கலம் கிடங்குகளுக்கு ஒரு காலத்தில் வந்து குவிந்த சந்தனம் காட்டிலும் அருகியது, வயலிலும் வளரவில்லை. 2002இல் தமிழ்நாடு சட்டத்தைத் திருத்தி நில உடைமையாளருக்கு உரிமை தந்தது. பல பத்தாண்டுகள் தாமதமான திருத்தம் அது.

சவுக்கு வேறு கதை சொல்கிறது. வெட்டவும் ஏற்றிச் செல்லவும் பெரிய தடையில்லாத மரம் என்பதால் கடலூர், விழுப்புரம் பக்கத்து உழவர்கள் அதைப் பயிராகவே வைத்தார்கள். சாரக்கால், பந்தல்கால், காகிதக்கூழ் என்று விற்பனைக்கும் வழி இருந்தது. கரூர் காகிதபுரத்து அரசு ஆலை உழவர்களோடு ஒப்பந்தம் போட்டுக் கன்று கொடுத்து மரத்தை வாங்கிக்கொள்கிறது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியும் கோவை வன மரபியல் நிறுவனமும் தேர்ந்த ரகங்களைத் தந்தன. இன்று இந்தியா தானே விளைவிக்கும் மரத்தில் பெரும்பங்கு காட்டுக்கு வெளியே இப்படி நிற்கும் மரங்களிலிருந்தே வருகிறது. இதற்கும் ஒரு மறுப்பு வரும். தைலமரம் நிலத்தடி நீரைக் குடிக்கிறதே, நெல் விளைந்த இடத்தில் மரம் வைத்தால் சோற்றுக்கு எங்கே போவது என்பார்கள். வறண்ட நிலத்தில் அடர்த்தியாக நட்ட தைலமரத்தைப் பற்றிய கவலை நியாயமானது. வெட்டிய பின் நிலத்தில் என்ன மிஞ்சுகிறது என்று காட்டைக் கேட்பவர்கள் வயலையும் கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வியின் விடை ஒரே மரத்தைப் பரப்பு பரப்பாக நடுவதில் இல்லை. வரப்பிலும் தோப்பிலும் கலந்து வளரும் மலைவேம்பு, தேக்கு, பலா, வேம்பு என்று போவதில் இருக்கிறது. மரமே வேண்டாம், இரும்பும் சிமென்ட்டும் பிளாஸ்டிக்கும் போதும் என்பவர்கள் அவற்றுக்காகத் தோண்டப்படும் மலைகளையும் எரிக்கப்படும் நிலக்கரியையும் கணக்கில் சேர்த்துப் பார்க்கட்டும்.

காட்டோரத்து மக்கள் கையில் வெட்டுரிமையைக் கொடுத்தால் காடு மிஞ்சாது என்பது மற்றொரு மறுப்பு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்திலுள்ள மெண்டா லேகா என்ற கோண்டு ஊர், 2006 வன உரிமைச் சட்டத்தின்கீழ் தன் காட்டுக்குச் சமூக உரிமை பெற்று, 2011இல் மூங்கிலைத் தானே வெட்டி விற்கும் அனுமதியையும் பெற்றது. நாளைக்கும் அதே தூரில்தான் வெட்ட வேண்டும் என்றால் இளங்குருத்தைக் காப்பது வெட்டுபவருடைய சொந்தக் காரியமாகிவிடும். எல்லா ஊரும் மெண்டா லேகா ஆகாது என்பது உண்மை. ஆனால் ஒப்பந்தக்காரர் வெட்டிய காடுகள் எவ்வளவு தேறின என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த ஐயம் பாதியாகக் குறையும்.

நம் காடுகளுக்குள்ளும் இன்று வெட்டியே ஆகவேண்டிய மரங்கள் உண்டு. நீலகிரியில் புல்வெளி மேல் நட்ட சீகையும், முதுமலையில் பரவிய மஞ்சள்கொன்றையும் அப்படிப்பட்டவை. அந்நியக் களைத் தாவரங்களை அகற்றத் தமிழ்நாடு அரசு 2022இல் தனிக் கொள்கை வகுத்தது, முதுமலைக் கொன்றை காகிதக்கூழுக்குப் போகத் தொடங்கியது. இங்கேயும் டன் கணக்கே வெற்றியின் அளவாகிவிடும் ஆபத்து இருக்கிறது. மஞ்சள்கொன்றையை அடியில் வெட்டினால் ஒன்றுக்குப் பல கொம்பாகத் துளிர்க்கும். பட்டையை உரித்து நின்றபடியே சாகவிட வேண்டும், அல்லது வேரோடு எடுக்க வேண்டும். இரண்டுமே ஆலைக்கு லாரி நிரப்புவதைவிட மெதுவான வேலை. சீகையை ஒரே வீச்சில் அகற்றினால் மண்ணில் கிடக்கும் விதை ஆயிரக்கணக்கில் முளைக்கும். சில இடங்களில் அதன் நிழலிலேயே சோலை மரக் கன்றுகள் எழுந்துவருகின்றன, அங்கே கைவைக்காமல் விடுவதே நல்லது. எந்த ஓடைப் பக்கம் எதை எடுப்பது, எதை விடுவது என்று மரம் மரமாகத் தீர்மானிக்கும் வேலை இது.

ஆனைமலையில் சிக்கல் இன்னும் கடினமானது. பழைய தேக்குத் தோட்டங்கள் பல இப்போது புலிகள் காப்பகத்துக்குள் இருக்கின்றன. சரணாலயங்களிலிருந்தும் தேசியப் பூங்காக்களிலிருந்தும் காய்ந்த, விழுந்த மரத்தைக்கூட எடுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2000 பிப்ரவரியில் ஆணையிட்டது. திருடர் கையிலிருந்து காக்க வந்த அந்த ஆணையின் நிழலில், நெருக்கி நட்ட தேக்கு வரிசைகள் இடைவெட்டு இல்லாமல் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. வரிசைக்கு நடுவில் வெளிச்சம் விழுந்தால் மருதும் வேங்கையும் மூங்கிலும் திரும்பும் இடங்களில், சில தேக்குகளை மட்டும் எடுத்துக் கலப்புக் காட்டுக்கு வழிவிடலாம். அதற்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். எடுத்த மரம் அங்கேயே மட்கலாம், வெளியே வந்தால் அதன் வருமானம் காடர், மலைசர் குடிகளின் ஊர்ச்சபைக்குப் போகலாம், வனத்துறையின் வருவாய் இலக்கில் ஒரு ரூபாயும் சேரக்கூடாது. எத்தனை தேக்கு போனது என்று எழுதும் அதே பதிவேட்டில், அந்த இடத்தில் மூன்றாம் ஆண்டு எத்தனை வகைக் கன்றுகள் நிற்கின்றன என்ற பத்தியும் இருக்க வேண்டும். அந்தப் பத்தி காலியாக இருந்தால் அடுத்த மரத்துக்கு அனுமதி தரக்கூடாது.